ஏழாவது இடத்தில் இரண்டு தொட்டிகள்

1

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பனியைப் பற்றியும் இங்குள்ள மனிதர்களின் கருணையைப் பற்றியும் எழுதுகிறார்கள். இந்தக் குறிப்பில் பனி இல்லை, ஏனென்றால் நடந்தது கோடைக்காலத்தில். கருணையும் இல்லை. அதற்குக் காரணம் நான்தான்.

டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். வாரநாட்களில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி. பத்து வயது முதல் பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைத் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். இங்கே எல்லாருக்கும் நான் மேரி டீச்சர். ஆரோக்கியமேரி என்ற முழுப் பெயர் கடவுச்சீட்டோடு சரி.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, ஒரு பெரியவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சேர்க்கை மேசைக்கு வந்தார். மகன் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திருக்கிறாராம். படிவத்தை நீட்டினேன். பேத்தி மேசைமேல் சாய்ந்து நின்றாள். அவர் அவள் முதுகில் இரண்டு விரலால் தட்டி, "நேரா நில்லு. முதுகெலும்பு எதுக்கு இருக்கு?" என்றார்.

என் முதுகு தானாக நிமிர்ந்தது. நாற்பது வயதை நெருங்கும் எனக்கு, ஒன்பதாம் வகுப்பில் கேட்ட அதே குரலில், அதே கேள்வி. சந்தானம் சார். எங்கள் அறிவியல் ஆசிரியர்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"நாகப்பட்டினம் பக்கம் சார்."

"அடடே, நம்ம ஊருல்ல! நான் கீழ்வேளூர்ல வேலை பாத்திருக்கேன். எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே?"

"அங்கங்க படிச்சேன் சார்," என்று சிரித்தேன். அன்று மதியம் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. பசி இல்லாமல் இல்லை. சந்தோஷம்.

2

பழிவாங்க எனக்கு ஆயுதம் கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும்.

என் மகள் ரீனாவுக்குப் பதினொரு வயது. நான்கு வருடம் முன்பு அவள் பள்ளியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அறிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் "ஸ்கேவெஞ்சர் ஹன்ட்" போகப்போகிறார்கள், பழைய உடை போட்டு அனுப்பவும். அகராதியில் அந்த முதல் வார்த்தையைத் தேடினேன். துப்புரவுத் தொழிலாளி என்றிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். என் மகளைக் குப்பை பொறுக்க விடுவதற்கா கடல் தாண்டி வந்தோம் என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுப்பினேன். அந்த ஆசிரியை போனில் கூப்பிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். ஒரு பட்டியல் கொடுப்பார்கள், பிள்ளைகள் குழுவாக ஓடி ஒவ்வொன்றாகத் தேடிக் கொண்டுவர வேண்டும், தேடும்போதே பாடம் மனதில் ஏறிவிடும், அவ்வளவுதான்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் என்ன? ஒன்பதாம் வகுப்பில் நான் ஆடித் தோற்ற ஆட்டம் அது. தோற்கடிக்கப்பட்ட ஆட்டம் என்பதே சரி.

ரீனாவுக்குத் தமிழ் வேப்பங்காய். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருக்கும் என் அம்மாவோடு போனில் பேசச் சொன்னால், "அம்மாச்சி, சாப்டியா, பை" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டுப் போனை என் கையில் திணிப்பாள். ஆனால் தேடல் வேட்டை என்றால் உயிரை விடுவாள். அதனால் தமிழ்ப் பள்ளியிலும் அதையே ஆரம்பித்தேன். பூங்காவில் ஏழு இடம், ஒவ்வோர் இடத்திலும் ஒரு தமிழ்ச் சீட்டு. உன் இரண்டு கை விரிப்புக்குள் அடங்காத மரம் எது, அதன் சுற்றளவு என்ன? ஓரிலையில் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது? வல்லினத்தில் தொடங்கும் மூன்று பொருளைக் காட்டு. விடை சரியென்றால் அட்டையில் ஒரு ரப்பர் முத்திரை. எழுத்துக்கூட்டிப் படிக்கவே அழும் பிள்ளைகள், அடுத்த சீட்டுக்காகப் புல்தரையில் குப்புற விழுந்து படிப்பார்கள்.

3

இப்போது ஒன்பதாம் வகுப்பு.

ஊரில் எஸ்.டி.டி. பூத்துகளும் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகளும் முளைத்த காலம். எங்கள் பள்ளித் தாளாளர் பக்கத்து மனையில் ஆங்கிலவழிப் பிரிவுக்குக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார். சந்தானம் சார் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்து, புதிய முறையில் பாடம் நடத்துகிறேன் என்று ஒரு தேடல் போட்டி வைத்தார். பன்னிரண்டு பொருள். ஒரு வாரம் தவணை. ஜெயிப்பவர் தஞ்சாவூர் அறிவியல் கண்காட்சிக்குப் போகலாம். நான் அதுவரை தஞ்சாவூரைப் பார்த்ததில்லை.

சிப்பி, கரையான் புற்றுமண், பாம்புச் சட்டை, தும்பியின் இறக்கை என்று அலைந்து அலைந்து பதினொன்று சேர்த்துவிட்டேன். தாளாளரின் மகனும் எங்கள் வகுப்புத்தான். அவனும் பதினொன்று சேர்த்திருந்தான், பண்ணை ஆட்கள் தயவில். பன்னிரண்டாவது இதுதான்: நெற்பயிர் ஒன்று, அதைப் போலவே இருக்கும் களைப்புல் ஒன்று, இரண்டையும் வேரோடு கொண்டுவந்து பெயர் எழுதி ஒட்ட வேண்டும்.

தீபாவளி கழிந்து சம்பாவுக்குக் களை பறிக்கும் நேரம். என் அம்மா லூர்துமேரி களை பறிக்கப் போகிறவள். அவளைவிட வேகமாகவும் சுத்தமாகவும் களை எடுக்க எங்கள் தெருவில் ஆளில்லை. மேஸ்திரி ஆள் கூப்பிட வந்தால் முதலில் அவள் பெயரைத்தான் சொல்வார். வயலுக்குப் போய் நின்றேன். அம்மா குனிந்தபடியே இரண்டைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். கண்ணால பாக்காத. இலை தண்டுல சேருற எடத்துல கட்டவிரலால தடவிப் பாரு. பயிருக்குச் சின்னதா நாக்கு மாதிரி ஒரு தோலு இருக்கும். களைக்கு வழுவழுன்னு ஒண்ணும் இருக்காது."

தடவிப் பார்த்தேன். இருந்தது. கண் மூடிக்கொண்டும் பார்த்தேன். அப்போதும் இருந்தது.

மறுநாள் மேசைமேல் எங்கள் இருவருடையதும் பக்கத்தில் பக்கத்தில். தாளாளர் மகன் பெயர்களை மாற்றி ஒட்டியிருந்தான். களைக்கு நெல், நெல்லுக்குக் களை. சார் இரண்டையும் பார்த்தார். அவனுடையதுதான் சரி என்றார். வகுப்பு கைதட்டியது.

நான் எழுந்தேன். "சார், அவன் நெல்லுன்னு எழுதியிருக்கிறது களை. எங்கம்மா பறிச்சிக் குடுத்தாங்க. அவங்களுக்குத் தெரியும்."

"களை பறிக்கிறவளுக்குக் கூலிதாண்டி தெரியும். உக்காரு."

உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "உங்களுக்குத்தான் சார் நெல்லு தெரியல," என்றேன்.

4

அம்மாவை அழைத்து வரச் சொன்னார்கள். பாதி வேலையில் கரையேறி, முழங்காலில் சேறு காய்ந்திருக்க வந்தாள். தலைமை ஆசிரியர் அறையில் சந்தானம் சார் ஒரு கடிதத்தைத் தயாராக எழுதி வைத்திருந்தார். என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். என் வாயாலேயே படித்தேன்.

"என் மகள் கொண்டுவந்தது நெல் அல்ல, களை. அடையாளம் தெரியாமல் நான்தான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். என் மகள் ஆசிரியரை எதிர்த்துப் பேசியது தவறு. இனி நடக்காது."

அம்மா என்னைப் பார்த்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. "பேனா குடுங்க சார்," என்றாள்.

அந்தப் பேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய தவக்காலத்தில் நாற்பது நாளும் உட்கார்ந்து அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தது நான். "லூர்து" எழுதவே பாதித் தவக்காலம் போய்விட்டது. ரேஷன் கார்டுக்கு முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, அம்மா தெருவில் நிமிர்ந்து நடந்தாள்.

சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"எனக்குப் போடத் தெரியும் சார்."

"நேரமில்ல. இதுல வை. நல்லா அழுத்தி வை."

வைத்தாள். முதல் தடவை மழுங்கி விழுந்தது. "திரும்ப வை," என்றார். திரும்பவும் வைத்தாள். நாக்குத் தோலைத் தடவிப் பயிரைக் கண்டுபிடிக்கும் அதே கட்டைவிரல்.

பள்ளிப் பியூன் எங்கள் ஊர்க்காரர். பேருந்து ஊருக்குப் போவதற்குள் கதை போய்விட்டது. பயிருக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது என்று எழுதிக் கொடுத்தவள் என்று பெயர் ஆனது. "லூர்து, பாத்து, பயிரப் பிடுங்கிடப் போற," என்று வரப்பில் நின்று மேஸ்திரி சொல்வார். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். விளையாட்டுக்குத்தான். அந்த விளையாட்டு, நான் கல்யாணமாகிக் கனடா வரும்வரைக்கும் ஓயவில்லை. ஆள் கூப்பிடும்போது அவள் பெயர் கடைசிக்குப் போனது. தஞ்சாவூர் வாய்ப்பு கைநழுவிப் போனதற்கு நான் அழவில்லை. அதற்கு அழுதேன்.

5

எனவே விதைத்தேன்.

இங்கே தமிழ்க் கடைகளில், கல்யாணச் சடங்குகளுக்காகச் சிறு பொட்டலத்தில் உமி நீக்காத நெல் விற்கிறார்கள். முதல் பொட்டலம் முளைக்கவில்லை. இரண்டாவது முளைத்தது. குளியலறைச் சூட்டில் முளைகட்டி, சன்னலோரத்தில் வளர்த்து, மே கடைசியில் வாளிக்கு மாற்றித் தண்ணீர் கட்டினேன். என் கணவர் ஜெரால்டு ஒருநாள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு தோசைக்காவது வருமா?" என்றார். களைக்குச் சிரமமே இல்லை. அதே புல் இந்த நாட்டுச் சாலையோரச் சாக்கடைகளிலும் கேட்பாரில்லாமல் வளர்கிறது. அதற்கு விசாவும் தேவையில்லை.

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு இறுதி வேட்டையை ஜூலை முதல் சனிக்கிழமை வைத்தேன். கதிர் வந்துவிட்டால் எது நெல் என்பது குருடனுக்கும் தெரியும். கதிர் வருமுன் முடிக்க வேண்டும். பூங்காவுக்கு நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். ஆறு பக்கப் படிவம். பூங்காவிலிருந்து செடிகளை அகற்றுவீர்களா? இல்லை. செடிகளைக் கொண்டு வருவீர்களா? ஆம், இரண்டு தொட்டி. அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, அவற்றால் யாருக்காவது பாதிப்பு உண்டா என்று கேட்டாள். இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருத்தருக்கு மட்டும் என்று தமிழில் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்குக் காவல்துறைச் சான்றிதழும் வேண்டும். எப்போதாவது குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டதுண்டா என்று அந்தப் படிவம் கேட்டது. ஒரே ஒரு தடவை, கீழ்வேளூரில், என்று எழுதக் கை துறுதுறுத்தது.

அந்த வருடம் மட்டும் ஒரு புதிய விதி சேர்த்தேன். ஒவ்வொரு குழுவிலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் வர வேண்டும். ஏழாவது இடத்தின் கேள்விக்கு அவர்தான், எல்லார் முன்னாலும், சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். குடும்பப் பிணைப்பு வளரும் என்று பெற்றோருக்கு எழுதினேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். "சார், இது களை. இருபத்தைந்து வருஷமாகியும் உங்களுக்கு நெல்லு தெரியல."

6

ஏழாவது இடம் ஆற்றோரத்து மேசை. அ என்று ஒரு தொட்டி, ஆ என்று ஒரு தொட்டி. முத்திரை குத்தும் வேலை ரீனாவுக்கு. ஊதா மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்த மூன்று பெரியவர்களும் களையைக் காட்டினார்கள். டெல்டாக்காரர் ஒருவரும் அதில் உண்டு. நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள்.

சந்தானம் சார் பேத்தியோடு வந்தார். நான் சீட்டைப் படித்தேன். "இதில் நெற்பயிர் எது? எப்படித் தெரியும்?"

அவர் பேன்ட்டைச் சற்றுத் தூக்கிவிட்டுக் குந்தினார். இலைகளைப் பார்க்கவே இல்லை. இலை தண்டில் சேரும் இடத்தில் கட்டைவிரலால் தடவினார். அ-வில் ஒரு தடவு. ஆ-வில் ஒரு தடவு.

"ஆ," என்றார். "இதான் பயிரு. இங்க தொட்டுப் பாரு குட்டி, சின்னதா நாக்கு மாதிரி ஒரு தோலு இருக்கா? களைக்கு இருக்காது. கண்ணால பாத்தா ஏமாந்துடுவோம்."

கூட்டம் கைதட்டியது. கண்ணாடி முன் பழகிய என் வாக்கியத்துக்கு வேலையில்லாமல் போனது.

அடுத்த குழு வருவதற்குள் கேட்டேன். "எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பாவுக்கு மூணு மா நெலம் இருந்துச்சும்மா. களை பறிச்சிட்டுத்தான் பள்ளிக்கூடமே போவேன்."

இத்தனை வருடமும் நான் அவரை ஒன்றும் தெரியாதவர் என்றே நினைத்திருந்தேன். தெரியாமல் செய்துவிட்டு, ஒரு சிறுமி சுட்டிக்காட்டியதும் கௌரவம் தடுத்துவிட்டது என்று. என் கோபத்துக்குள் அவருக்காக அவ்வளவு இடம் விட்டு வைத்திருந்தேன். அந்த இடத்தையும் அவரே மூடிவிட்டார்.

"அப்படின்னா, ஒன்பதாங் கிளாஸ்ல லூர்துமேரி மக கொண்டுவந்தது பயிருன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியும். இல்லையா சார்?"

அவர் எழுந்து நின்றார். என் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"ஆரோக்கியமேரி," என்றார்.

"ஆமா சார்."

"அவன் தாளாளர் பையன்மா. நான் அப்ப தற்காலிக வேலையில இருந்தேன். ஜூன்ல நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருந்தாங்க. ரெண்டு தங்கச்சி கல்யாணத்துக்கு நின்னுச்சுங்க."

"பண்ணாங்களா சார்?"

"பண்ணாங்க."

இந்த இடத்தில் அவர்மேல் இரக்கப்பட வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். தோன்றட்டும். எனக்கு வரவில்லை. வேலைக்காக என்னைத் தோற்கடித்திருக்கலாம், போகட்டும். என் அம்மாவைக் கூப்பிட்டு அவள் வாயில் அந்தப் பொய்யை எதற்குத் திணித்தார்? பேனாவை ஏன் கொடுக்கவில்லை?

வேட்டை அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்தில் எழுதி ரீனாவிடம் கொடுத்து, "சத்தமா படிடி," என்றேன். வழக்கமாக முணுமுணுப்பவள், கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஒன்பதாம் வகுப்பில் ஆரோக்கியமேரி கொண்டுவந்தது நெல். அவள் தாய் லூ... லூர்து... லூர்துமேரி சொன்னது சரி. அது எனக்கு அன்றே தெரியும்." நிமிர்ந்தாள். "அம்மா, இது அம்மாச்சி பேருல்ல?"

"ஆமா."

"அம்மாச்சிய யாரு என்ன பண்ணா?" என் மகள் தானாக முழு வாக்கியங்களாகத் தமிழில் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

சார் என்னைப் பார்த்தார், பிறகு பேத்தியைப் பார்த்தார். குழந்தை முன்னால் வேண்டாமே என்று அவர் கண் கேட்டது. என் முன்னால்தானே என் அம்மாவின் விரலில் மை ஏறியது? நான் நகரவில்லை. அவர் மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

ரீனாவின் கையிலிருந்த மைப்பெட்டியை வாங்கி அவர் பக்கம் தள்ளினேன்.

"இதுல வைங்க சார். நல்லா அழுத்தி வைங்க."

அவர் பேனாவை மூடினார். கட்டைவிரலை மையில் தோய்த்து அட்டையில் வைத்தார். ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது.

பேத்தி தன் அட்டையை நீட்டி, "எங்களுக்கு ஸ்டாம்ப்?" என்றாள். ரீனா குத்திக் கொடுத்தாள். விடை சரிதானே.

7

மறுநாள் பூசை முடிந்து வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். ஊரில் மாலை. அட்டையைப் படமெடுத்து முன்பே அனுப்பியிருந்தேன். கண்புரை அறுவைக்குப் பிறகு அவளுக்குப் போன் திரை சரியாகத் தெரிவதில்லை. நான் விளக்குவதற்குள் ரீனா போனைப் பிடுங்கி, தன் உடைந்த தமிழில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அட்டையையும் படித்துக் காட்டினாள். இந்த முறை "லூர்து"வில் தடுக்கவில்லை.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன்.

"அதப் பெருசா பிரிண்ட் போட்டு அனுப்புடி," என்றாள். "மேஸ்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அவர்தான் செத்துட்டாரேம்மா."

"மகன் இருக்கான்ல. அவன்கிட்ட காட்டுறேன். பியூன் பொண்டாட்டி இருக்கா. வரப்புல நின்னு சிரிச்சவளுங்கள்ல நாலு பேரு இருக்காளுங்க. எல்லாரு வீட்டுக்கும் போறேன்." மூச்சு வாங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆரோக்கியம், நல்லா அழுத்தி வச்சாரா?"

"மொதத் தடவையே சுத்தமா விழுந்துச்சும்மா."

"ஓ," என்றாள். குரலில் ஏமாற்றம்.

"இருந்தாலும் திரும்ப வைக்கச் சொன்னேன்."

என் அம்மா சிரித்தாள்.